சின்ன டிரில்லா, பெரிய டிரில்லா? மண்டபம் வட்டாரப் படகுப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மண்டபம் வட்டாரத்தில் கடலை ஒட்டிய ஓர் ஊரில் படகுகளுக்கு மரவேலையும் ஃபைபர் வேலையும் செய்யும் சிறு பட்டறை இது. மாமாவும் அவருடைய அக்கா மகனும் சேர்ந்து நடத்துகிறார்கள். உதவிக்கு இரண்டு மூன்று பையன்கள். மாமா ஐம்பதைத் தாண்டியவர், உளியிலும் துரப்பணத்திலும் தொழில் கற்றவர். மருமகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவர். நான் ராமநாதபுரத்தில் மின்கருவிகள் பழுது பார்க்கிறவன். எந்தக் கருவி வாங்குவது என்று இருவருக்கும் ஒத்துப்போகாத நேரத்தில் என்னிடம் வந்தார்கள்.

பட்டறை வேலைக்கு வருஷத்தில் இரண்டு முகம் உண்டு. நாட்டுப்படகுக்கும் ஃபைபர் வள்ளத்துக்கும் பழுது எப்போதும் வந்துகொண்டே இருக்கும். மூடி மாற்றுவது, பிளைவுட் ஒட்டுவது, கொக்கி இறுக்குவது என்று எல்லாம் துண்டு வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகளைக் கரையேற்றுவார்கள். வங்கு (படகின் விலாச்சட்டம்) மாற்றுவது, பலகை மாற்றுவது, போல்ட் புதுசாகப் போடுவது என்று பெரிய வேலையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் குவியும். ஜூன் 15 விடியும்போது படகு கடலில் இருந்தாக வேண்டும். தள்ளிப்போட இடமே கிடையாது.

முன்பெல்லாம் ஜெனரேட்டரில் இருந்து நீள ஒயர் இழுத்து, ஒயர் டிரில்லை வைத்துத்தான் வேலை நடந்தது. ஒருநாள் ஈர மணலில் கிடந்த ஒயரின் தோல் கிழிந்து, ஒரு பையனுக்கு ஷாக் அடித்தது. பையன் பிழைத்துக்கொண்டான். இனி கடற்கரையில் ஒயர் வேண்டாம், பேட்டரிக் கருவிக்கு மாறிவிடலாம் என்று அன்றைக்கே முடிவானது. எந்தப் பேட்டரிக் கருவி என்பதில்தான் சிக்கல்.

இரண்டு கட்சி

மருமகன் கடையில் ஒரு 18 வோல்ட் ஹேமர் டிரில்லைப் பார்த்து வைத்திருந்தார். 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விசை, துளையிடும் பிட்டைப் பிடிக்கும் 13 மி.மீ. சக், 5 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரி இரண்டு. பேட்டரியோடு சேர்த்தால் இரண்டரைக் கிலோ. “மாமா, ஒருதடவை காசு போடுறோம், பெருசாவே வாங்கிடுவோம். பெருசு சின்ன வேலையும் செய்யும். சின்னது பெரிய வேலை செய்யாது” என்பது அவர் கட்சி.

மாமா சொன்னது இது: “மாப்ள, டெக்குக்கு அடியில தலைக்கு மேல கைய நீட்டிக்கிட்டு அந்தக் கனத்தைப் பிடிச்சு நிக்கப் போறது நீயா, நானா?” அவருக்கு வலது முழங்கையில் நெடுநாளாக வலி. பக்கத்து ஊரில் ஒருவர் வைத்திருந்த 12 வோல்ட் டிரில்லைப் பிடித்துப் பார்த்திருந்தார். அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி. அதனால் எண்களைப் பேசுவதற்கு முன்னால், பட்டறையில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கலாம் என்றேன்.

வேலையைக் கவனித்ததில் தெரிந்தது

ஒரு வாரத்துக்குப் பையன் ஒருவன் நோட்டில் எழுதி வைத்தான். என்ன அளவு ஓட்டை, எந்த மரம், எப்படி நின்றுகொண்டு வேலை பார்த்தார்கள், இவ்வளவுதான் எழுதச் சொன்னது. அந்த நோட்டு எந்தக் கடைக்காரர் பேச்சைவிடவும் உதவியது.

பெரும்பாலான வேலை 4, 5 மி.மீ. ஸ்குரூ முடுக்குவது. ஓட்டைகள் 3 முதல் 6 மி.மீ. வரை. பிளைவுட், ஃபைபர், மெல்லிய பலகை என்று அதிகம் எதிர்க்காத பொருள்கள். உடம்பு இருந்த நிலைதான் கஷ்டமானது. இன்ஜின் ரூமுக்குள் குந்தியபடி, அணியத்தின் (படகின் முன்பகுதி) குறுகலுக்குள் ஒருக்களித்தபடி, டெக்குக்கு அடியில் அண்ணாந்தபடி. 12 மி.மீ. போல்ட் ஓட்டை அந்த வாரத்தில் அபூர்வமாகத்தான் வந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. படகில் போடுவது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ. துருவுக்கு அது நிற்கும், ஆனால் கெட்டிப்படுத்திய இரும்பு ஸ்குரூவைவிட மென்மையானது. அதிக முறுக்கு கொடுத்தால் தலை வழுக்கும், இல்லையென்றால் கழுத்தில் ஒடியும். பிளைவுட்டில் ஸ்குரூத் தலை அளவுக்கு மீறி அமுங்கினால் மேல் அடுக்கு கிழிந்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். இந்த வேலைக்குச் சக்தி கூடக் கூடக் கெடுதிதான் கூடும். பெரிய கருவியிலும் முறுக்கை மட்டுப்படுத்தும் கிளட்ச் இருக்கிறது, குறைத்து வைக்கலாம். ஆனால் அவசரத்தில் யாரும் அதைத் திருகிப் பார்ப்பதில்லை என்பதை என் கடைக்கு வரும் கருவிகளிலேயே பார்க்கிறேன்.

எண்களைப் பிரித்துப் பார்த்தது

பெட்டியில் போட்டிருக்கும் வோல்ட் எண் நிறையப் பேரைக் குழப்புகிறது. லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூன்று செல்லை வரிசையாக இணைத்தால் 10.8, அதைத்தான் “12 வோல்ட்” என்று விற்கிறார்கள். ஐந்து செல் இணைத்தால் 18. அதையே ஒருவர் “20 வோல்ட் மேக்ஸ்” என்பார், இன்னொருவர் முழு சார்ஜ் கணக்கில் “21 வோல்ட்” என்பார். மூன்றும் ஒன்றுதான். சந்தையில் 48, 88, 128 என்று எண் ஒட்டி வரும் பெயர் தெரியாத பேட்டரிகளைப் பிரித்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வோல்ட்டை ஏ.எச்.சால் பெருக்க வேண்டும். 10.8 வோல்ட், 2 ஏ.எச். என்றால் 21.6 வாட் அவர். 18 வோல்ட், 5 ஏ.எச். என்றால் 90. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். மருமகன் சொன்னதில் இருந்த நியாயம் இது.

முறுக்கு விசைக்குப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். ஒன்று உலோகத்தில் இறுகி நிற்கும் இணைப்புக்கு, மற்றது மரம் போன்ற மென்மையான பொருளுக்கு. பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண். படகு ஆசாரி பார்க்க வேண்டியது இரண்டாவதை. அது முதல் எண்ணில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும்.

அப்புறம், மருமகன் யோசிக்காத ஒரு கணக்கு இருந்தது. பிட் மரத்தில் சிக்கி நின்றுவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் கைக்குத் திரும்பும். 100 நியூட்டன் மீட்டர் டிரில்லை அச்சில் இருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்திருந்தால், கையில் வந்து விழும் விசை சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். 30 நியூட்டன் மீட்டர் டிரில்லில் அது 20 கிலோ. முதலாவதை ஒரு கையால் யாராலும் தடுக்க முடியாது.

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரத்தில் அது நடந்தும் விட்டது. மருமகன் ஒரு கட்டட வேலைக்காரரிடம் இரவல் வாங்கிய பெரிய டிரில்லால் பழைய வங்கு ஒன்றில் ஓட்டை போட்டார். பக்கக் கைப்பிடியை மாட்டவில்லை. மரத்துக்குள் மறைந்திருந்த பழைய ஆணியில் ஆகர் பிட் (திருகு முனை உள்ள மரப் பிட்) மாட்டி நிற்க, டிரில் சுற்றி மணிக்கட்டை முறுக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனாலும் சில வாரம் அந்தக் கையால் உளி பிடிக்க முடியவில்லை.

முதல் முடிவு

12 வோல்ட் செட் வாங்குவது என்று தீர்மானமானது. 10 மி.மீ. சக் உள்ள டிரில் ஒன்று, இம்பாக்ட் டிரைவர் ஒன்று, 2 ஏ.எச். பேட்டரி மூன்று. மருமகன் பார்த்து வைத்திருந்த செட்டின் விலையில் பாதிக்கும் கீழே முடிந்தது.

இம்பாக்ட் டிரைவரை நான்தான் வற்புறுத்தினேன். அது தொடர்ந்து முறுக்காமல் உள்ளே சுத்தியல் மாதிரி தட்டித் தட்டித் திருப்புகிறது. அதனால் பெரிய முறுக்கு கொடுத்தாலும் கைக்குத் திரும்பும் இழுப்பு குறைவு. துருப்பிடித்த பழைய போல்ட்டைக் கழற்றவும் இது நல்ல கருவி. ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவுக்கு மட்டும் அதைத் தொடக்கூடாது, டிரில்லின் கிளட்ச்சில்தான் முடுக்க வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லி வைத்தோம்.

12 மி.மீ. ஓட்டைகளுக்குப் பழைய ஒயர் டிரில்லே போதும் என்று விட்டோம். மின் இணைப்பு உள்ள கொட்டகைக்குள், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்ட பிறகு மட்டும். கழற்றி எடுத்து வரக்கூடிய பாகங்களுக்கு அது சரிப்பட்டது.

தடைக்காலம் வரை நடந்தது

முதல் சில மாதம் எந்தக் குறையும் இல்லை. மாமா டிரில்லை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு இன்ஜின் ரூமுக்குள் இறங்கினார். முழங்கை வலி குறைந்திருப்பதாகச் சொன்னார். அதே சமயத்தில் மருந்தும் தடவிக்கொண்டிருந்தார், எனவே கருவிதான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். வேலை முடிந்தும் கையை உதறாமல் இருந்தார் என்பதை மட்டும் பார்த்தேன்.

ஃபைபர் வேலையில் சின்ன டிரில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைத்தது. ஃபைபரில் ஓட்டை போட அதிக வேகமும் லேசான அழுத்தமும் போதும். கண்ணாடி இழை சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு முனை பிட்டுக்கு மாறியதும் மேல் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்வது நின்றது.

ஏப்ரல் பாதியில் விசைப்படகுகள் கரையேறின. ஒரு படகில் வங்குகள் மாற்ற வேண்டியிருந்தது. பலகையும் வங்கும் சேர்ந்து ஒரு சாண் கனத்துக்கு மேல் கெட்டி மரம், அதில் 12 மி.மீ. ஓட்டைகள் வரிசையாக. படகு நின்ற இடம் கொட்டகைக்கு வெகு தூரம். ஒயர் டிரில் அங்கே வராது என்பது நாமே போட்ட விதி.

சின்ன டிரில் ஓட்டை போட்டது. ஆனால் இரண்டு மூன்று ஓட்டைக்கு ஒருமுறை பேட்டரி சூடாகித் தானாக நின்றது. காரணம் எளிது. அந்த ஓட்டைக்கு 300 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது மூன்று செல், ஒவ்வொன்றும் 100 வாட் தர வேண்டும். பெரிய 18 வோல்ட் பேட்டரியில் ஐந்து செல் வரிசை இரண்டை இணையாக வைத்து மொத்தம் பத்து செல் இருக்கும், ஒவ்வொன்றும் 30 வாட் தந்தால் போதும். மின்னோட்டமாகச் சொன்னால், சின்னதில் ஒரு செல்லுக்கு சுமார் 28 ஆம்பியர், பெரியதில் 8. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஒரே வகை செல் என்றால் சின்ன பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் பத்து மடங்குக்கு மேல் சூடாகும்.

இதோடு கத்திரி வெயிலும் சேர்ந்தது. சூடான பேட்டரியைச் சார்ஜரில் போட்டால், ஆறும் வரை சார்ஜர் ஏற்காது. அது பேட்டரியைக் காப்பாற்றத்தான். ஆனால் மணலில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தால் அது ஆறவே ஆறாது. மூன்று பேட்டரியும் ஒரே நேரத்தில் கண் சிமிட்டிக்கொண்டு கிடக்க, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் இருந்தன. படகுக்காரர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜூன் 15 அவர் கண்ணில் தெரிந்தது.

இரண்டாம் முடிவு

இப்போது மருமகன் முதலில் கேட்ட டிரில்லையே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. 18 வோல்ட்டிலேயே நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தார்கள். பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது), 60 நியூட்டன் மீட்டர் அளவு, 13 மி.மீ. சக், பக்கக் கைப்பிடி, 4 ஏ.எச். பேட்டரி இரண்டு.

பட்டறையில் அடிக்கடி வரும் பெரிய ஓட்டை 12 மி.மீ. அதற்கு இது தாராளம். ஏரா மரத்தில் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) போடும் பெரிய போல்ட் ஓட்டை எப்போதாவதுதான் வரும், அதற்கு வாடகைக்கு எடுக்கும் மெதுவேக டிரில் போதும். அந்த ஒரு வேலைக்காக வருஷம் முழுவதும் கனமான கருவியைச் சுமக்க வேண்டியதில்லை. மருமகனின் மணிக்கட்டும் ஞாபகத்தில் இருந்தது.

அதைவிடப் பெரிய காரணம் கிரைண்டர். ஃபைபர் வெட்டவும் தேய்க்கவும் கிரைண்டர் இல்லாமல் முடியாது. அது நின்று நின்று ஓடாது, ஓடும் நேரமெல்லாம் மின்சாரம் இழுக்கும். 12 வோல்ட் வகையில் அந்த வேலைக்கு ஆகும் கிரைண்டர் கிடையாது என்றே சொல்வேன். 18 வோல்ட் பேட்டரி வந்துவிட்டால் அதே பேட்டரியில் ஓடும் கிரைண்டரை வெறும் உடலாக வாங்கலாம். டிரில் வாங்குகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் வாங்குவது பேட்டரிக் குடும்பத்தை. ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது, அதனால் இந்த ஒரு முடிவு அடுத்த பல வருஷத்துக் கருவிகளையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

ஓட்டை போடும் முறையும் மாறியது. பழைய வங்கைத் தொடுமுன் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்கிறார்கள். மேலாக இருக்கும் ஆணி அதில் தெரிந்துவிடும். திருகு முனை உள்ள ஆகர் பிட் தானாக மரத்தை இழுத்துக்கொண்டு போகும், சிக்கினால் விடாது. சந்தேகமான மரத்தில் அதை விட்டுவிட்டு, முதலில் 6 மி.மீ. போட்டு அப்புறம் சாதாரண நீள பிட்டால் 12-க்கு அகலப்படுத்துகிறார்கள். கொஞ்சம் நேரம் கூடும்.

வேலை தடைக்காலத்துக்குள் முடிந்தது. படகு இறங்கியது.

உப்பு

இந்தக் கரையில் கருவியைக் கொல்வது வேலையைவிட உப்புதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கருவியின் காற்றுத் துளை வழியாக உப்பும் மணலும் உள்ளே போகும். முனைகளில் பச்சை பூக்கும், சக்கின் தாடைகள் இறுகும். கார்பன் வைத்த பழைய மோட்டாரில் கார்பன் தூளும் உப்பு ஈரமும் கலந்து கம்யூட்டேட்டரில் (கார்பன் உரசும் செம்பு வளையம்) கரி பிடிக்கும். பிரஷ்லெஸ்ஸில் அந்த இடம் இல்லை என்பதே கடற்கரைக்கு அதைச் சொல்ல எனக்குப் போதுமான காரணம். சாயங்காலம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவியின் மேல்புறத்தைத் துடைப்பது, பேட்டரியைக் கழற்றி முனையை உலர்ந்த துணியால் துடைப்பது, சக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது என்று பழக்கினோம். கருவி மேல் யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது.

மே மாதத்தில் ஒரு 12 வோல்ட் பேட்டரி படகின் அடியில் தேங்கிய உப்புத் தண்ணீருக்குள் விழுந்து, கொஞ்ச நேரம் கிடந்தது. எடுத்துக் காயவைத்தபின் விளக்கு எரிந்தது. சார்ஜ் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணீர் உள்ளே போன லித்தியம் பேட்டரி சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். மரமும் ரெசினும் தின்னரும் இருக்கும் கொட்டகைக்குள் அதை வைப்பது பெரும் ஆபத்து. வெளியே திறந்த இடத்தில் தள்ளி வைத்து, பிறகு விற்ற கடை வழியாகவே திருப்பிக் கொடுத்தோம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. பழைய இரும்புக்கடையில் போடுவதோ கடலில் எறிவதோ கூடாது.

இப்போதைய நிலை

இரண்டு செட்டும் ஓடுகின்றன. அன்றாட வேலையில் கைக்கு வருவது சின்னதுதான், பெரிய டிரில்லைக் கேட்ட மருமகனும் அதைத்தான் முதலில் எடுக்கிறார். 18 வோல்ட் பேட்டரிகள் டிரில்லைவிடக் கிரைண்டரில்தான் அதிகம் இருக்கின்றன. ஃபைபர் தூசிக்கு முகமூடி போட வைப்பதுதான் இன்னும் போராட்டமாக இருக்கிறது. பையன்கள் வெக்கைக்குக் கழற்றிவிடுகிறார்கள்.

மாற்ற வேண்டியவை

கருவிக்கு முன்பே பிட்டுக்குக் காசு போட்டிருக்க வேண்டும். தடைக்காலத்தில் சின்ன டிரில் திணறியதற்கு மழுங்கிய பிட்டும் ஒரு காரணம். புது பிட் போட்ட நாளில் அதே டிரில் கூடுதல் ஓட்டை தாங்கியது.

இரண்டு பேட்டரிக் குடும்பம், இரண்டு சார்ஜர் என்பது இந்தப் பட்டறைக்கு ஒத்துவருகிறது, ஏனென்றால் குறுகலான இடத்து வேலை இங்கே அவ்வளவு அதிகம். கிரைண்டர் வேலை அதிகமுள்ள ஃபைபர் பட்டறை என்னிடம் கேட்டால், 18 வோல்ட்டிலேயே குட்டையான உடல் ஒன்றை வாங்கி, அண்ணாந்த வேலைக்கு 2 ஏ.எச். பேட்டரியும் கெட்டி மரத்துக்கு 4 ஏ.எச். பேட்டரியும் மாற்றி மாற்றிப் போடச் சொல்வேன். கனத்தில் 12 வோல்ட்டுக்குச் சமமாகாது, ஆனால் ஒரே சார்ஜரில் எல்லாம் முடிந்துவிடும்.

சார்ஜருக்கு நிழலும் காற்றும் உள்ள இடத்தை முதலிலேயே ஒதுக்கியிருந்தால், அந்த மத்தியானங்களில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் கொட்டகையின் வடக்குச் சுவரில் சார்ஜருக்கு மரத்தட்டு அடிப்பதாகவும், 18 வோல்ட்டுக்கு மூன்றாவது பேட்டரி ஒன்று வாங்குவதாகவும் முடிவாகியிருக்கிறது.